பதினாறு நாள் பட்டினியும் அதற்குப் பிறகு போட்ட சோறும்

அப்பா பதினாறு நாள் சாப்பிடாமல் இருந்தார். அந்தப் பதினாறு நாளும் நாங்கள் பயந்துகொண்டுதான் இருந்தோம், ஆனால் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படவில்லை. "ஒரு வாய் சோறு உள்ள போயிட்டா போதும், மனுசன் எந்திரிச்சிருவாரு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார், நானும் அதைத்தான் நம்பினேன். சோறு உள்ளே போனது. போன நான்காம் நாள் விடியற்காலையில்தான் 108-க்குப் போன் பண்ண வேண்டி வந்தது. இப்படி இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன், சரியாகச் சொல்ல வருகிறதா தெரியவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில். கல்லணைக் கால்வாய், எங்கள் பக்கத்தில் அதைப் புதாறு என்பார்கள், அந்தத் தண்ணீர் வந்தால் வரும் வராவிட்டால் இல்லை என்கிற கடைமடை. அதனால்தான் அப்பா நெல்லை விட்டுவிட்டு ஆறு மாவிலும் தென்னை வைத்தார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர், 140 மரம். கன்று என்று சொல்ல மாட்டார், எங்கள் ஊரில் யாருமே சொல்ல மாட்டார்கள், தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. வெளிச்சம் வந்து பார்த்தபோது 126 மரம் கிடந்தது. சிலது வேரோடு, சிலது நடுவில் முறுக்கி ஒடிந்து, குலையும் இளநீருமாகக் கிடந்தது.

முதல் நான்கைந்து நாள் அப்பா ஓடியாடிக்கொண்டுதான் இருந்தாராம். ரோட்டில் விழுந்த மரத்தை வெட்டுவது, அடுத்த வீட்டுக் கூரையைத் தூக்கி நிறுத்துவது, பள்ளிக்கூடத்தில் பொதுச் சமையலுக்கு விறகு பிளப்பது என்று. 21-ஆம் தேதி மரம் அறுக்கிற மெஷின் எங்கள் தோப்புக்குள் வந்தது. அன்று மதியம் தட்டில் கை வைத்துவிட்டு எழுந்தவர்தான். அப்புறம் உட்காரவே இல்லை.

நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். டவர் எல்லாம் விழுந்து கிடந்ததால் வீட்டுக்குப் போன் போகாது, போனாலும் அம்மா "காப்பி குடிக்கிறாரு, நல்லாத்தான் இருக்காரு" என்று வைத்துவிடுவார். நேரில் போனது 25-ஆம் தேதி. கரண்ட் கிடையாது, ஜெனரேட்டர் வண்டி தெருத் தெருவாக வந்து மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். அப்பா திண்ணையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னப்பா என்றால், "எறங்க மாட்டேங்குது ஆயி" என்றார், அவ்வளவுதான். தண்ணீர் குடித்தார். காலையும் மாலையும் ஒரு டம்ளர் கடுங்காப்பி, கொஞ்சம் வெல்லம் போட்டு. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

அந்த நாட்களில் நான் பார்த்ததை எல்லாம் அப்போது அர்த்தம் தெரியாமல்தான் பார்த்தேன். முதல் இரண்டு மூன்று நாள் வயிறு இழுத்துப் பிடித்தது என்றும், அப்புறம் பசியே தெரியவில்லை என்றும் அப்பா சொன்னார். பக்கத்தில் போனால் வாயிலிருந்து ஒரு வாடை, அழுகப்போகிற பழம் மாதிரி, நகப்பாலிஷ் அழிக்கிற திரவம் மாதிரி. உச்சி வெயிலிலும் குளிர்கிறது என்பார். கொல்லைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒருநாள் கண் இருட்டிக்கொண்டு வந்து துவைக்கிற கல்லைப் பிடித்தபடி சரிந்துவிட்டார். ஆனால் பேச்சு தெளிவு. கணக்கு வழக்கு எல்லாம் கேட்டால் சொல்வார். அதனால்தான் நாங்கள் ஏமாந்தோம்.

உடம்பு என்ன செய்துகொண்டிருந்தது என்று பிறகு டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கல்லீரலில் சுமார் 100 கிராம் சர்க்கரை சேமிப்பாக இருக்கும், அது ஒரு நாளில் தீர்ந்துவிடும். மூளைக்கு மட்டும் தினம் 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் வேண்டும், அது எங்கிருந்து வரும்? தசையைக் கரைத்துத்தான். ஆரம்ப நாட்களில் தினமும் 75 கிராம் வரை புரதம் இப்படிப் போகும். இதே வேகத்தில் போனால் மனிதன் சீக்கிரமே முடிந்துவிடுவான், அதனால் உடம்பு மாற்று வழிக்குப் போகிறது. கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்ற பொருளைச் செய்து அதையே மூளைக்கும் ஊட்டுகிறது. அந்த வாடை அதன் வாடைதான். பசி மந்தமாவதற்கும் அதுவே காரணம் என்கிறார்கள். சில வாரங்களில் புரத இழப்பு நாளுக்கு 20 கிராம் அளவுக்குக் குறைந்துவிடும். நாடித்துடிப்பு குறையும், உடல் சூடு குறையும், எல்லாவற்றையும் உடம்பு சிக்கனமாக்கிக்கொள்ளும். வறட்சி வருடத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரி என்று டாக்டரே சொன்னார், அவரும் நம் பக்கத்துக்காரர்.

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். பத்தாவது நாளோ என்னவோ லைன் கிடைத்தபோது அவன் சொன்னது, "அக்கா, சங்கரலிங்கனார் 76 நாள் இருந்தாரு. அப்பா தண்ணி குடிக்கிறாருல்ல, ஒண்ணும் ஆகாது, பயப்படாத." நானும் நெட் கிடைக்கிற இடத்தில் நின்று தேடிப் பார்த்தேன். தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956-இல் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்து இறந்த சங்கரலிங்கனார் 76 நாள். ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19-இல் ஆரம்பித்து டிசம்பர் 15-இல் இறந்தார். 1929-இல் லாகூர் சிறையில் ஜதின் தாஸ் 63 நாள். 1981-இல் வட அயர்லாந்துச் சிறையில் இறந்த பத்துப் பேர் 46 நாளிலிருந்து 73 நாள் வரை. செஞ்சி பக்கம் திருநாதர்குன்றில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது, சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதாகச் சொல்கிறது. ஆயிரத்து ஐந்நூறு வருடம் போல ஆகியும் நாட்கணக்கு மாறவில்லை, பார்த்தீர்களா. தண்ணீர் மட்டும் இருந்தால் ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டரை மாதம், அதற்குள் எங்கோ ஓர் இடம்.

கணக்குப் போட்டாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. ஒல்லியும் இல்லாமல் குண்டும் இல்லாத ஆளிடம் பத்துப் பன்னிரண்டு கிலோ கொழுப்பு இருக்கும். ஒரு கிலோவுக்கு 7,000 கலோரிக்குக் கொஞ்சம் மேல். சும்மா படுத்திருக்கிற உடம்புக்குத் தினம் 1,300, 1,400 வேண்டும். வகுத்துப் பாருங்கள், ஐம்பதிலிருந்து அறுபது சொச்சம் நாள் வரும். கொழுப்பு நிறைய இருந்தால் இன்னும் நீளும். ஸ்காட்லாந்தில் ஆங்கஸ் பார்பியரி என்பவர் 1965, 66-இல் 382 நாள் சாப்பிடாமல் இருந்தார், ஆனால் ஆரம்பத்தில் அவர் எடை 207 கிலோ, டாக்டர்கள் கண்காணிப்பில் வைட்டமினும் உப்புச் சத்துகளும் மாத்திரையாக எடுத்துக்கொண்டே இருந்தார். தண்ணீரும் இல்லை என்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. 1987-இல் யாழ்ப்பாணம் நல்லூரில் தண்ணீரும் அருந்தாமல் இருந்த திலீபன் பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார்.

இதையெல்லாம் படித்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. இன்றைக்கு அந்தத் தைரியத்தை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது. 76 எங்கே 16 எங்கே என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இந்த எண்கள் எல்லாம் இறந்த நாளின் எண்கள். அதற்கு முன்னால் எந்த நாளில் கண் மங்கியது, எந்த நாளில் எழுந்து நிற்க முடியாமல் போனது, அதெல்லாம் அந்த எண்ணுக்குள் தெரியாது. பார்பியரி பிழைத்தார் என்றால் அவர் பக்கத்தில் டாக்டர் இருந்தார். அப்பா பக்கத்தில் யார் இருந்தார்கள்? அத்தை வந்து, "லங்கணம் பரம ஔஷதம்னு சும்மாவா சொன்னாங்க, வயித்த காயப்போட்டா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏகாதசிக்கு ஒருநாள் இருப்பதற்கும், உடம்பு சரியில்லாதபோது ஒருவேளை காயப்போடுவதற்கும் அந்தப் பேச்சு சரி. இரண்டு வாரத்துக்கு அது பொருந்தாது.

டிசம்பர் 7, வெள்ளிக்கிழமை. எங்கள் தெருவுக்குக் கம்பம் நட ஈபிக்காரர்கள் வந்தார்கள், எல்லாம் வெளி மாவட்டத்து ஆட்கள், வீட்டைப் பார்த்தே மூன்று வாரம் ஆகியிருக்கும். மதியம் எங்கள் திண்ணையில்தான் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். அதில் வயசான ஒருவர் அப்பாவைப் பார்த்து, "ஐயா சாப்டாச்சா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மா உள்ளேயிருந்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் பிரித்த பொட்டலத்தைத் திரும்ப மடித்து வைத்துவிட்டார். "வீட்டுக்காரவுங்க பட்டினியா இருக்கையில அவுங்க திண்ணையில உக்காந்து நாங்க எப்படிங்கய்யா சாப்புடுறது" என்றார். கூட இருந்த மூன்று பேரும் கையை எடுத்துவிட்டார்கள். அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "எலை போடு ஆயி, எல்லாருக்கும் போடு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை, கவிச்சி கிடையாது. சாம்பார், உருளைக்கிழங்கு, அப்பளம், அவசர அவசரமாக ஒரு சேமியாப் பாயசம். அப்பா மூன்று தடவை சோறு வாங்கினார். பாயசம் இரண்டு டம்ளர். நான்தான் ஊற்றினேன். அம்மா அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தார். ராத்திரி ஆறு இட்லி. மறுநாள் பொங்கல். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

சனிக்கிழமை சாயங்காலம் அசதியாக இருக்கிறது என்றார். பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். பதினாறு நாள் பட்டினி என்று சொன்னோம். ரத்தம் எடுக்கவில்லை. நானே, "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்று கேட்டேன், நம் ஊரில் எல்லோரும் கேட்கிறதுதானே. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அரை லிட்டர் பாட்டிலில் இருக்கிறது 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிகூடத் தேறாது. தெம்பு என்று நாம் நினைப்பது அதில் கிடையாது. அப்பா இருந்த நிலைமைக்கு அது எரிகிற அடுப்பில் எண்ணெய்.

ஞாயிற்றுக்கிழமை கணுக்கால் வீங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், குழி விழுந்தது, எடுத்த பிறகும் அப்படியே நின்றது, களிமண்ணில் விரல் வைத்த மாதிரி. இப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார், உடம்பு ஊறுகிறது என்றார் அத்தை. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருந்தார். விடியற்காலையில் என்னை அத்தை பேர் சொல்லிக் கூப்பிட்டார். லைட்டை அடித்துப் பார்த்தால் கருவிழி நிலையாக நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை.

தஞ்சாவூர் மருத்துவமனையில் அந்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி எத்தனை நாள் பட்டினி என்பது. இரண்டாவது கேள்வி, என்றைக்கிலிருந்து சாப்பிடுகிறார், என்ன சாப்பிட்டார் என்பது. நான் பாயசம் என்று சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். ரத்தத்தில் பாஸ்பரஸ் 2.5-க்கும் 4.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும், அப்பாவுக்கு 1.1. பொட்டாசியமும் மெக்னீசியமும் தாழ்ந்து கிடந்தன. இதயத் துடிப்பு தாளம் தப்பிக்கொண்டிருந்தது.

இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது முகாம்களில் எலும்பும் தோலுமாக இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு கொடுத்ததும் பலர் அந்தச் சாப்பாட்டாலேயே இறந்துபோனார்கள், அப்போதிருந்து டாக்டர்கள் இதைக் கவனித்து வருகிறார்கள். பட்டினி நாட்களில் உடம்பு பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளிருந்து செலவழித்துவிடும், ஆனால் ரத்தத்தில் மட்டும் ஓரளவு சரியாகவே காட்டும். திடீரென்று சோறும் சர்க்கரையும் உள்ளே போனால் இன்சுலின் குதித்து எழும், எழுந்து ரத்தத்தில் மிச்சமிருக்கிற அந்த உப்புகளை எல்லாம் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தம் வெறுமையாகிவிடும். பாஸ்பரஸ் இல்லாமல் மூச்சு விடுகிற தசை வேலை செய்யாது, பொட்டாசியம் இல்லாமல் இதயம் ஒழுங்காகத் துடிக்காது. உப்பும் நீரும் உடம்பில் தங்கி வீக்கம் வரும். சர்க்கரையை எரிக்க தயமின் என்கிற பி1 வைட்டமின் வேண்டும், சேமிப்பில் அது சில வாரத்துக்குத்தான் இருக்கும், அதுவும் தீர்ந்தபோது குளுக்கோஸை ஏற்றினால் மூளையைத் தாக்கும். அப்பாவுக்கு விழி ஆடியதும் ஆள் மாறிப் பேசியதும் அதனால்தான்.

தயமின் ஊசி, பாஸ்பரஸ் சொட்டு, இருபத்துநான்கு மணி நேரமும் நெஞ்சில் ஒட்டிய வயர்கள். சாப்பாடு? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் நாள் ஒரு சின்ன டம்ளரில் பாதி பால், சர்க்கரை இல்லாமல். மூன்று மணி நேரம் கழித்துப் பருப்புத் தண்ணீர், கரண்டியில் எண்ணிக் கொடுத்தார்கள். அப்புறம் நொய்க்கஞ்சி நாலு ஸ்பூன். அப்பா இன்னும் கேட்டார், அந்த மனுஷன் கேட்டுக் கொடுக்காமல் இருந்தது என் வாழ்க்கையில் அன்று மட்டும்தான். பாலில் பாஸ்பரஸ் அதிகம், அதனால்தான் பாலிலிருந்து ஆரம்பம் என்றார்கள். பத்து நாளுக்கு மேல் ஒன்றும் சாப்பிடாதவருக்கு முதலில் எடையில் கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல் போகக் கூடாதாம், பதினைந்து நாளைத் தாண்டியவருக்கு 5. அப்பா அப்போது 54 கிலோ. அப்படியென்றால் முதல் நாள் மொத்தமே 270 கலோரி. நான் ஊற்றிய பாயசம் மட்டுமே அதைத் தாண்டியிருக்கும். அதற்கப்புறம் ஐந்தாறு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள், தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்து. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

ஒருவர் ஐந்து நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடவில்லை என்றாலே முதல் இரண்டு நாள் வழக்கத்தில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது டாக்டர் சொன்ன அளவு. பத்து நாளைத் தாண்டிவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம், சாப்பாடு கொடுக்கும் முன்பே ஆஸ்பத்திரி. போனதும் எத்தனை நாள் பட்டினி என்பதை நாமாகச் சொல்ல வேண்டும், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், குளுக்கோஸ் ஏற்றப் போகிறார்கள் என்றால் அதற்கு முன் பி1 போட்டீர்களா என்று கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்வார்களே என்று தயங்க வேண்டாம். பட்டினி என்றால் உண்ணாவிரதம் மட்டும் இல்லை, நாள்கணக்காகக் குடித்துவிட்டுச் சோறு இல்லாமல் கிடப்பவர், தொண்டையில் கட்டி வந்து விழுங்க முடியாதவர், நெட்டில் பார்த்துவிட்டு ஏழு நாள் பத்து நாள் வெறும் தண்ணீர் விரதம் இருக்கிற பிள்ளைகள், எல்லோருக்கும் இதே ஆபத்துதான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒருநாள்கூட இருக்கக் கூடாது.

இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் நாங்கள் கடைசியாகப் புரிந்துகொண்டோம். அப்பா விரதம் இருக்கவில்லை. அவருக்கு மனசு உடைந்திருந்தது, அது ஒரு நோய், அதற்கு மருந்து இருக்கிறது. வார்டில் மனநல டாக்டர் வந்து முக்கால் மணி நேரம் அப்பாவோடு தென்னையைப் பற்றியே பேசினார், வேறு எதுவும் பேசவில்லை. எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். மூன்றாம் நாள், நான்காம் நாளிலேயே அப்படி ஒருவரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும். எங்கள் பகுதியில் அந்த மாதத்தில் எத்தனையோ வீட்டில் இப்படி உட்கார்ந்திருந்தார்கள். இப்போது மனநல உதவிக்கு 14416 என்ற எண் இருக்கிறது, கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

டாக்டர் சொன்ன அந்த மூன்று உப்புகளின் பெயரையும் பி1-ஐயும் தமிழில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன், அம்மா அதை அரிசி டின் மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். போன வருடம் பின் தெருவில் ஒரு அம்மாயி, மகன் போன துக்கத்தில் பன்னிரண்டு நாள் சாப்பிடவில்லை, பதிமூன்றாம் நாள் கேட்டு வாங்கிச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. இலையில் சோறு விழும் முன்னே அம்மா போய் இலையை மடித்திருக்கிறார். பெரிய சண்டையாம், துக்க வீட்டில் வந்து இலையை மடிக்கிறாளே என்று. அம்மா அசையவில்லை, அரை டம்ளர் பால் மட்டும் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டு, டின் மூடியையே கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போயிருக்கிறார். பாஸ்பரஸ் 1.9 இருந்ததாம். மறுநாள் எனக்குப் போன் பண்ணி முதலில் அந்த எண்ணைத்தான் சொன்னார்.